பச்சை நோட்டின் நாலாம் பக்கம்

ஜூன் 4

அன்புள்ள ஜன்னலுக்கு,

நான் இங்கே நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நான் போன பிறகும் நீ நலமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

பதவி உயர்வு என்று கைதட்டி அனுப்பிவைத்தீர்களே, வந்து பாருங்கள். இந்தக் கிளை மருத்துவமனையின் ஆவண அறையில் நாலு பேர், நாலு மூலை. நேற்று ஒரு ஜோக் சொன்னேன். ஒருவர் பேனாவை எடுத்துக்கொண்டு, “இதுக்கு எந்தப் படிவம் மேடம்?” என்றார். இவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கக்கூட மனம் வரவில்லை.

என் நாற்காலிக்கு வந்தவள் எப்படி? நம் ஸ்டோர்காரர் ‘முள்’ இதற்குள் அவளை அழவைத்திருப்பாரே! பிரிவுத் தலைவர் ‘பூட்டு’ அவளிடம் வாய் திறந்தாரா? அந்த ஆட்களோடு பழகிக்கொள்ள எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

காற்றுப் பைத்தியமே, இன்னும் எழுந்து எழுந்து ஜன்னலைத் திறக்கிறாயா? இரண்டு மருத்துவமனைக்கும் நடுவே போய்வரும் கோப்புப் பையில் பதில் போடு. பூட்டு கண்டும் காணாதது போல இருந்துவிடுவார்.

உன்
ஏணி


ஜூன் 9

அன்புள்ள ஏணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பூட்டே நிமிர்ந்து பார்த்தார்.

வந்தவளுக்கு ‘புதுசு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ இல்லாததால் பெயர் சுமார்தான். ஆள் சுமார் இல்லை. முதல் நாளே முள்ளிடம் போய், “சார், நான் கண்டிப்பா தப்பா வச்சிடுவேன். ஒரு தடவ நீங்களே வரிசைய காட்டிடுங்க” என்றாள். மனுஷன் அரைமணி நேரம் நின்று காட்டினார்! பூட்டிடம் எதையும் வாயால் கேட்பதில்லை. துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் வைக்கிறாள், மதியத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. மனுஷர்களைப் படிக்கத் தெரிந்தவள்.

எனக்குச் சர்க்கரை போடாமல் டீ கொண்டுவருகிறாள். மேல் அடுக்கை எட்ட உன் உயரம் இங்கே யாருக்கும் இல்லை. அதனால் நிஜ ஏணி ஒன்று வாங்கிவிட்டார்கள்.

உன்
ஜன்னல்


ஜூன் 13

அன்புள்ள ஜன்னலுக்கு,

சர்க்கரை இல்லாத டீயா? இது எப்போதிலிருந்து? பதினோரு வருடம் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினேனே, ஒரு நாளாவது வேண்டாம் என்றாயா?

எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் என்ன மறைப்பு? ‘மனுஷர்களைப் படிக்கத் தெரிந்தவள்’ என்ற வரியை மூன்று முறை படித்தேன். என்னை நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நிஜ ஏணி வேறு வாங்கியாயிற்று. அதற்கு எத்தனை படி? அது உன்னிடம் கதை பேசுமா?

ஞாயிறு 24 அன்று உன் வீட்டுக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு உன் கையால். புதுசு பேச்சே எடுக்கக் கூடாது.

உன்
ஏணி (பழையது)


ஜூன் 19

அன்புள்ள ஏணிக்கு,

சின்னப் பிள்ளை மாதிரி எழுதுகிறாயே! நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, நீ நீதானே?

ஞாயிறை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? புதுசு எங்கள் எல்லோரையும் அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். முள்கூட வருகிறாராம். போன வாரம் நான் கோப்பைத் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அவளே என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணாடி போட்டிருக்கிறேன். தலைவலி போயே போய்விட்டது.

கோபித்துக்கொள்ளாதே.

உன்
ஜன்னல்


ஜூன் 20

ஜன்னலுக்கு,

முள்ளா? எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன், என் வீட்டு வாசல்படி மிதித்ததில்லை அவர்!

இனி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. உன் புதுசு யாரையும் படிக்கவில்லை. நான் எழுதிவைத்ததைப் படிக்கிறாள். பொறுப்பை ஒப்படைக்கும்போது பச்சை அட்டை நோட்டு ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே யார் எப்படி, யாரிடம் எப்படி வேலை வாங்குவது என்று ஆளுக்கு ஒரு பக்கம். முள்ளிடம் தப்பை முதலிலேயே ஒப்புக்கொள், பூட்டிடம் எழுதிக் கேள், எல்லாம் என் சொந்தச் சரக்கு. கைதட்டல் மட்டும் அவளுக்கு!

நோட்டு அவள் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். போய்ப் பார். பார்த்துவிட்டு, மனுஷர்களைப் படிக்கத் தெரிந்தவள் யார் என்று எனக்கு எழுது.

ஏணி


ஜூன் 21

என் அன்பு ஜன்னலுக்கு,

நேற்றைய கடிதம் வந்துவிட்டதா? ஏதோ ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். அந்த நோட்டில் ஒன்றும் இல்லை. நீ தேட வேண்டாம். ஒருவேளை கையில் எடுத்துவிட்டால் முதல் மூன்று பக்கம் போதும், மூடி வைத்துவிடு.

ஞாயிறு நீ அங்கேயே போய்ச் சாப்பிடு. எனக்கு வருத்தமே இல்லை.

என்றும் உன்
ஏணி


ஜூன் 26

அன்புள்ள ஏணிக்கு,

தேட வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது நோட்டு என் மடியில் இருந்தது.

இழுப்பறையை நான் துழாவவில்லை. புதுசிடமே கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். “அவங்க இத எழுதித் தரலன்னா நான் முதல் வாரமே ஓடியிருப்பேன் அக்கா. நாலாவது பக்கம் மட்டும் பாக்காதீங்க” என்றாள். வேறு எதைப் பார்ப்பேன்?

உன் அழகான கையெழுத்து. “ஜன்னல்: முடியாது என்று சொல்ல வராது. வேலை மிஞ்சினால் இவள் மேசையில் வைத்து ‘உன்ன விட்டா யாரு செய்வா’ என்றால் போதும், சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவாள். கோபமே வராது.” மற்றவர்களுக்கு முழுப் பக்கம். எனக்கு மூன்று வரி. எத்தனை சாயங்காலம் அந்த வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? பாசத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

கீழே புதுசு பென்சிலால் எழுதியிருக்கிறாள். “கோபம் வரும். வந்தால் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார். டீ எப்படி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போடவும்.”

அதைப் படித்து அழுதேன். காற்றுப் பைத்தியம் என்று நீ சிரித்தாய், பெயரும் வைத்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன்.

மனுஷர்களைப் படிக்கத் தெரிந்தவள் நீதான். ஒப்புக்கொள்கிறேன். என்னைப் படிக்கும் தேவை மட்டும் உனக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். மற்ற பக்கங்கள் வேலைக்கு உதவும், இருக்கட்டும்.

உன்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவள்


ஜூலை 2

அன்புள்ள

பெயர் எழுதக் கை வரவில்லை. அதை நான்தானே வைத்தேன்.

உன் பக்கத்தைத் திருப்பி எழுதலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட வரவில்லை. புதுசுக்கு மூன்று வாரத்தில் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் மேல் இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவளைத் திட்ட முடியவில்லை.

இந்த ஞாயிறு வருகிறேன் என்று எழுத மாட்டேன். வரலாமா? இஷ்டமில்லை என்றால் இல்லை என்றே எழுது.

ஏணி


ஜூலை 5

ஏணிக்கு,

இந்த ஞாயிறு முடியாது.

ஜன்னல்