போதகரின் கல்லறையில் கள் ஊற்றிய கதை

ரியால் தெல் மோந்தே,
நவம்பர் 9, 1987

அன்பு மகள் எடெல்மிராவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் மலைக்குளிரில் இருமிக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறோம், சிகாகோவில் நீயும் குழந்தையும் உன் வீட்டுக்காரரும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாலு வருஷம் ஒரு வரி எழுதாத மனிதனுக்கு இன்று என்ன வந்தது என்று நீ நினைப்பாய். வந்தது மானக்கேடுதான், எல்லோரும் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி.

ஊர்ப் பாரம்பரியக் குழு பழைய வீடுகளுக்குப் பித்தளைப் பலகை மாட்டுகிறது. நம் வீட்டுக்கு ‘கப்பலில் வந்த சுரங்கக் கேப்டனின் இல்லம்’ என்று எழுதச் சொன்னது நான்தான், நம் முப்பாட்டன் கப்பலேறி வந்து இங்கே சுரங்கத்தை மேற்பார்த்த இங்கிலீஷ்காரர் என்றுதானே வீட்டில் சொல்லி வந்தோம். இங்கிலீஷ்காரர் கல்லறைத் தோட்டத்தில் மூலையிலிருக்கும் பாசி பிடித்த கல் நம் முப்பாட்டனுடையது என்று என் தாத்தா கைகாட்டிவிட்டுப் போனார், நானும் முப்பது வருஷமாக இறந்தோர் நாளில் அங்கே சாமந்தி தூவி, கறி வைத்துச் சுட்ட பாஸ்தே இரண்டு சூடாக வைத்து, கேப்டனுக்குத் தாகமெடுக்குமே என்று ஒரு குடுவை கற்றாழைக் கள்ளும் ஊற்றி வந்தேன். இந்த வருஷம் போட்டோ எடுக்க வருகிறார்களே என்று பாசியைச் சுரண்டினேன், என் புத்தியை எதால் அடிப்பது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒதிலியா டீச்சர் குனிந்து வாசித்துவிட்டு அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். கீழே படுத்திருப்பவர் கல்யாணமே ஆகாத ஒரு போதகராம், சுரங்கத் தொழிலாளிகளைக் குடியிலிருந்து மீட்க ஆயுள் முழுக்கப் பாடுபட்டவராம். முப்பது வருஷமாக அவர் நெஞ்சில் கள்ளை ஊற்றியிருக்கிறேன் பார்.

அப்படியானால் நம்மவர் யார் என்று டீச்சர் விடவில்லை, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாள். என் கொள்ளுத்தாத்தா பெயருக்கு எதிரே, தகப்பன் இலாரியோ, ஒத்தோமிப் பழங்குடி ஆள், தொழில் சுரங்க வாயிலில் கோவேறு கழுதை ஓட்டுவது என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. மனுஷன் கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது உன் வீட்டுக்காரன் நபோர் உன்னைப் பெண் கேட்டு வந்த நாள்தான். அவன் அப்பா விறகுக்கழுதை ஓட்டுகிறவர் என்று தெரிந்து, கழுதைக்காரன் குடும்பத்துக்குக் கேப்டன் வீட்டுப் பெண் கேட்கிறதோ என்று தெருவே கேட்கக் கத்தினேன். அந்தத் தகப்பனும் மகனும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். நீ அவனையே கட்டிக்கொண்டு சிகாகோ போனாய், நான் கடுதாசி எழுதுவதை நிறுத்தினேன்.

குழுத் தலைவர் தோன் அபுந்தியோ, பலகைக்கு எழுத்து வெட்டியாகிவிட்டது, பாசி தானாக மறுபடி வளரும், வாயை மூடிக்கொண்டிரு என்றார். உன்னிடம் மறைப்பானேன், ஒரு வாரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன், வெட்கமில்லாமல் அந்தப் பித்தளையைத் துடைத்துக்கூட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாத்தியமெல்லாம் முழங்கி, பலகையை மாட்ட ஆணியை எடுத்தபோதுதான் தாங்காமல் சொல்லிவிட்டேன். “இது கேப்டன் வீடு இல்லைய்யா. கழுதை ஓட்டின இலாரியோ வீடு. அதே தொழிலைச் சொல்லித்தான் என் மருமகனை வாசலோட துரத்தினேன்.” ஊரே சிரித்தது, வாத்தியக்காரன் ஒருவன் கழுதை மாதிரி ஊதியும் காட்டினான். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாவுக் கையோடு வந்து பக்கத்தில் நின்று, “மருமகன்னு சொல்ல உங்களுக்கு நாலு வருஷமாச்சு,” என்றாள், பிறகு மாவு டப்பாவுக்குள் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த பேத்தியின் படங்களை எடுத்து என் மடியில் போட்டாள். குழந்தைக்கு என் காது, பாவம்.

எனக்குப் பேத்தியை நேரில் பார்க்க வேண்டும் மகளே. அதற்கு முன்னால் நபோரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கடுதாசியில் அல்ல, முகம் பார்த்து. அவன் அப்பாவிடம் நேற்றே போய்க் கேட்டுவிட்டேன், அவர் நான் உட்கார ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தாலும் சரி, என்னை வரச் சொன்னாலும் சரி. உன் வீட்டுக்காரன் வாசலிலேயே நிறுத்தி வைத்தாலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அங்கே பனி அதிகமாம், குழந்தையின் காதை மூடி வை. மூவருக்கும் கடவுள் துணையிருக்கட்டும், என் ஆசிகள். மறக்காமல், இந்தத் தடவை பதிலை அம்மா பெயருக்கு எழுதாதே, என் பெயருக்கு எழுது.

உன் அப்பா,
ஃபிதென்சியோ