ஒத்துக்கொண்ட மாத்திரை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

தம்பி கோதண்டபாணிக்கு,

அண்ணி கமலாட்சி எழுதுவது. நீயும் உன் பெண்டாட்டி சங்கரியும் பெங்களூரில் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதர் துணை. பலமுறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சங்கரி எடுத்து, குளிக்கிறார் என்றாள். இப்படிக் குளித்துக்கொண்டே இருந்தால் சளி பிடிக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

இங்கே மழை விட்டபாடில்லை. உன் அண்ணன் தறியில் பாதியில் விட்டுப்போன சேலையைப் பக்கத்துத் தறிக்கார சிவராஜ் வந்து நெய்து முடித்தார். மகள் அகிலா மறுபடி வேலைக்குப் போகிறாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. காலையில் இட்லி எடுத்து வைத்ததும் கை தானாக மாத்திரை டப்பாவைத் தேடுகிறது. திறந்த பிறகுதான் அவர் இல்லை என்பது ஞாபகம் வருகிறது. மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன்.

கருமாதியன்று எல்லோர் எதிரிலும் நீ கேட்டாய், 'அதே ஸ்டென்ட்டு, அதே மாத்திரை, நானும் ரெண்டு வருஷமா போட்டுக்கினு நல்லாத்தானே இருக்கறேன், அண்ணி ஒழுங்கா குடுத்திருந்தா அண்ணன் எதுக்குப் போயிருக்கும்' என்று. நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. 

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகும் இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவர் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாளே அவர் போய்விட்டார். முடிவு போன வாரம்தான் வந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அந்தக் குளோபிடோக்ரல் மாத்திரை விழுங்கியதும் வேலை செய்வதில்லையாம். ஈரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் பலன் வருமாம். பட்டு நூலை முதலில் வேகவைத்துப் பசை போக்கினால்தானே சாயம் ஏறும், அதுபோல. உன் அண்ணன் ஈரலால் அது முடியவில்லை. பிறவியிலேயே அப்படி. நான் தினமும் கொடுத்தேன், அவரும் விழுங்கினார். எல்லாம் வீண்.

எதிர்வீட்டு லோகாம்பாளும் அதையேதான் போடுகிறாள். எங்காவது லேசாக இடித்துக்கொண்டாலே அவள் கை நீலம் பாரித்துவிடும், மாத்திரை வேலை செய்தால் அப்படி ஆகுமாம். இவருக்கு ஒரு கன்றல் கிடையாது. 'எனக்கு நல்லா ஒத்துக்கினு இருக்குது, பாத்தியா' என்று அவளிடம் பெருமையடித்துக்கொள்வார். நானும் அதை நம்பிக் கோயிலில் விளக்குப் போட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குறை அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் சேர்ந்து வந்ததாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் எனக்குக் கருமாதியன்று குளக்கரையில் நடந்ததுதான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தவன் நீ. அன்று உனக்குச் சவரம் செய்தபோது பிளேடு பட்டுத் தலையில் ரத்தம் வந்தது. நீ துண்டால் ஒருமுறை துடைத்தாய், நின்றுவிட்டது. ரத்தம் நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சோதனை செய்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பயமாக இருக்கிறது.

கடிதம் கிடைத்ததும் உன் டாக்டரிடம் போ. அண்ணனுக்கு இப்படி ஆயிற்று என்று சொல். வயிற்றெரிச்சலுக்கு நீ போடும் மாத்திரையையும் மறைக்காமல் காட்டு. அதில் சில, இதன் வேலையைக் கெடுக்குமாம். பயந்துபோய் நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே, அது இன்னும் ஆபத்து. இது கேட்காவிட்டால் வேறு மாத்திரை இருக்கிறதாம். அவருக்குத்தான் மாற்றிக் கொடுக்க நேரம் இல்லாமல் போய்விட்டது.

நான் ஒழுங்காகத்தான் கொடுத்தேன் என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றே நினைத்துக்கொள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரி. சோதனையை மட்டும் செய்துகொள் தம்பி. நூறு வயது இருந்து என்னைத் திட்டு.

உன் அண்ணி,
கமலாட்சி