உப்பில் போட்ட உண்ணிகள்

மரக்காணம்,
வைகாசி 20

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் செவலைப் பசுவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெயில் நன்றாகக் காய்வதால் உப்பளத்தில் ஓய்வில்லை, அப்பா விடியுமுன் போய்விடுகிறார். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் குப்பியோடு கடிதமும் வைக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் ஆராய்ச்சிக்கு நம் பசுவின் உண்ணிகளைப் பிடித்துப் போட்டு அனுப்பச் சொல்லி மருந்துத் தண்ணீர் இரண்டு குப்பி கொடுத்தாயே, மூடியைத் திறந்ததும் சாராய வாடை அடித்தது. அப்பா குடியை விட்டு அப்போது ஒரு வருஷம்தான். பயந்துபோய் ஒரு குப்பியைச் சாக்கடையில் கொட்டி, மற்றதை ஒளித்து வைத்துவிட்டு, கருவாட்டுக்குப் போடுவதுபோல உண்ணிகளை உப்பில் புதைத்து வைத்து, பிறகு அலசி வெறும் தண்ணீரில் போட்டு அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. போன வாரம் நீ சொன்னாய், அவற்றில் ஒரு விநோத வைரஸ் இருக்கிறது, அதன் இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு மரபு இழை துண்டில்லாமல் ஒன்றாக இருக்க இதற்கு நான்கு துண்டு, இரண்டு சொந்தக் குடும்பத்துடையவை, மற்ற இரண்டும் எங்கிருந்து வந்து சேர்ந்தன என்றே தெரியவில்லை, ஒன்று பிரிந்து மட்டுமல்ல, வேறொன்றோடு சேர்ந்தும் புதிதாக மாறும் என்பதற்கு இது சாட்சி, இந்த மாதமே கட்டுரை அனுப்பப் போகிறேன் என்று. அந்த நான்கு துண்டும் என் உப்பு அறுத்தவையாக இருந்தால் என்ன செய்வாய்? எனக்கு அதெல்லாம் தெரியாது, உனக்குத் தெரியும். உன் பெயர் போட்டு வருவது பொய்யாகிவிடக் கூடாது. இந்தக் குப்பியிலுள்ள புது உண்ணிகளைப் பார்த்த பிறகு கட்டுரையை அனுப்பு.

இவற்றை நேற்றுதான் பிடித்தோம். ஒளித்து வைத்த இரண்டாவது குப்பியை முந்தானையில் மூடிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பசுவைப் பிடித்திருந்த அப்பா பார்த்துவிட்டு, இத ஏன் மறைக்கிற, பொங்கல்லேர்ந்து அரிசிப் பானையிலதான கெடக்குது, உண்ணிக்கு ஊத்துறத நானா குடிப்பேன் என்று சிரித்தார். நான் குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். மருந்துத் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் நீ பேனாவால் போட்ட கோட்டிலேயே நின்றது. அவரே மூடியைத் திறந்து, ஒவ்வொரு உண்ணியாகப் போட்டு, இறுக்கி மூடி என் கையில் கொடுத்தார்.

உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தால், நான் உப்பு போட்டதை மறைத்ததுபோல மறைக்காதே, உடனே டாக்டரிடம் போ. தேவமாதா உன்னைக் காப்பாள். குப்பி கிடைத்ததும் போன் செய், என்னிடம் வேண்டாம், அப்பாவைக் கூப்பிட்டு, நீங்க போட்ட உண்ணி நல்லபடியா வந்துடுச்சுப்பா என்று அவரிடமே சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
சவரியம்மாள்