கழற்ற வசதியாக ஒரு சிப்

மார்ச் 3, செவ்வாய்

சிப் வந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இதை அண்ணனுடைய கேம் பெட்டிக்குள் ஈயம் வைத்து ஒட்டினால், கம்பெனி அனுமதிக்காத ப்ரோகிராம்களும் அதில் ஓடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: எல்லாப் பொத்தான்களையும் இடது கைக்கு எட்டுகிற பக்கம் மாற்றித் தருவது.

பைக் விபத்துக்குப் பிறகு ஒன்பது மாதமாக அவன் வலது கை தொங்கிக்கொண்டிருக்கிறது. "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். விளையாட்டை விட்டதோடு பேச்சையும் பாதி விட்டுவிட்டான். எது கீழே விழுந்தாலும் "சனியனே" என்று அந்தக் கையைத் திட்டுவான். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 5, வியாழன்

இரண்டு வழி. சிப்பைப் பெட்டிக்குள் இருக்கிற மின்சுற்றுப் போர்டின் மேலேயே உட்கார வைத்து நேரடியாக ஒட்டலாம். சுத்தமான வேலை, ஆனால் பிறகு எடுக்கப் போனால் போர்டின் செம்புத் தடமும் கூடவே உரிந்து வரும். இல்லையென்றால், தலைமுடி போன்ற வயர்களை இழுத்து, சிப்பை ஓரமாக வைக்கலாம். வேண்டாமென்றால் சுவடில்லாமல் கழற்றிவிடலாம்.

அம்மா: "கை சரியானதும் அவனுக்குப் பெட்டி பழையபடி வேணும். கெடுத்து வெச்சிடாதே."

வயர்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 8, ஞாயிறு

பதினொரு வயர். வேலையிடத்தில் காதுக் கருவிகளுக்குள் இதைவிடச் சிறிய முனைகளை ஒட்டுகிறேன். இருந்தும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஓடுகிறது. அண்ணன் முதலில் திரும்பவில்லை. பிறகு நாற்காலியைத் திருப்பினான்.

மார்ச் 9, திங்கள்

பத்து நிமிடம் ஆடியதும் படம் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் மறுபடியும் பத்து நிமிடம்.

"என்னை மாதிரியே" என்றான்.

மார்ச் 10, செவ்வாய்

வேலையிடத்தில் பக்கத்து மேசைத் தும்மல் அக்காவிடம் போட்டோவைக் காட்டினேன். (அவள் தும்மினால் எங்கள் உதிரிப் பாகங்கள் பறக்கும்.)

"இவ்வளவு நீளத்துக்கு வயரா? துணி காயப் போடவா?"

வயர் நீண்டால் சிக்னல் கெடும். எனக்குத் தெரியாததா? தினமும் செய்கிற வேலை. தெரிந்தும் நீளம் விட்டிருக்கிறேன் — கழற்ற வசதியாக இருக்கட்டுமென்று.

மார்ச் 14, சனி

வயரைக் குறைக்கப் பெட்டியைத் திறந்தேன். அண்ணன் வந்து நின்றான்.

"ஏன் இப்படித் தொங்குது?"

"வேணாம்னா எடுத்துடலாம்ல. போர்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்ப வேணாம்னு ஆகும்?"

நான் ஈயச் சுருளைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

"டாக்டர் போன மாசமே சொல்லிட்டாருடி. இனிமே இது இவ்வளவுதான். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." தொங்கிய வயர் ஒன்றை விரலால் தட்டினான். "சிப்பைப் போர்டுலயே ஒட்டிடு. வீட்டுல தொங்கறது ஒண்ணு போதும்."

ஒரு மாசம். ஒரு மாசமா உள்ளேயே வெச்சிட்டிருந்திருக்கான். எங்க ரூம் ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? புத்தகம் படிச்சிட்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பதினொரு வயரையும் எடுத்தேன். பழைய ஈயத்தை உறிஞ்சித் துடைத்தேன். விளக்கை அவன் பிடித்தான்.

"ஆட்டாதேண்ணா."

"நான் ஆட்டல. உன் கைதான் நடுங்குது."

உண்மைதான். முதலில் சிப்பின் ஒரு மூலை, பிறகு எதிர்மூலை, பிறகு மற்றவை. ஆறியதும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 16, திங்கள்

அம்மாவிடம் அவனே சொன்னான். குழாயை மூடாமல் அம்மா வெகு நேரம் நின்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்று மணி நேரம் ஆடினோம். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசி ஆட்டத்தில் அண்ணன் தோற்றான்.

"சனியனே, கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தா என்ன?" என்றான்.

இடது கையைப் பார்த்து.