அம்மா கேட்டதும் மில் பெண்கள் சொன்னதும்

ஞாயிறு, இராஜபாளையம்.

நான் இயக்கிய அனிமேஷன் படத்தை இன்று அம்மா வேலை பார்த்த மில்லின் கேன்டீனில் திரை கட்டிப் போட்டார்கள். வேலை நேரத்தில் மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது, சைகைதான். அதனால் படத்திலும் வசனம் கிடையாது. கடைசியில் நான் வரைந்த அம்மா விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் காட்டிப் புருவத்தைத் தூக்குவாள்: சாப்பிட்டியா?

வெளியூரில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். இங்கே ஒருத்தரும் தட்டவில்லை. எரிச்சலோடு திரும்பினேன். பெண்கள் எல்லோரும் திரையைப் பார்த்து வயிற்றைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"படத்துக்கு எதுக்குக்கா பதில் சொல்லுதீய?" என்றேன் பக்கத்து அக்காவிடம்.

"கேட்டா சொல்லணும்லா தம்பி. கேக்கது ஒங்கம்மால்லா."

அம்மா இல்லாத வீட்டில் அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன். சென்னையிலிருந்து போனில் அவளிடம் சொல்வேனே, அதே மாதிரி சாப்பிட்டாச்சு என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். வாங்கி வந்த புரோட்டாப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.