லிட்டில் ஹெரனுக்கு ஒரு பெர்மிட்

ஜனவரி 4

கூடத்துத் தரை முழுக்க வரைபடம். அதன் மேல் மண்டி போட்டே காலைப்பொழுது போய்விட்டது. வெளியே மைனஸ் இருபது. கார் எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரைச் செருகிவிட்டு வந்ததோடு சரி, வேறு எங்கும் போகவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு முன்பதிவு திறக்கிறது. லிட்டில் ஹெரன் ஆற்று வழியாகக் கனூ என்கிற துடுப்புப் படகில் காட்டுக்குள் போக ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழுவுக்குத்தான் பெர்மிட். எனக்கு வேண்டியது ஆகஸ்ட் 22. அப்போது கொசு அடங்கியிருக்கும், பள்ளிக்கூடமும் திறந்திருக்காது. பள்ளி பஸ் ஓட்டுகிறவளுக்கு அதை விட்டால் வேறு நல்ல வாரம் கிடையாது. அந்த வாரத்தின் மேல் மினசோட்டாவே கண் வைத்திருக்கும்.

வேறு ஆறுகள், ஏரிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. எனக்கு இது வேண்டும்.

ஜனவரி 6

பிவாபிக் ஊருக்குப் போய் அண்ணன் வெய்னைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்டோபரில் அவனுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். கைத்தடியோடு நடக்கிறான். காப்பிக் கோப்பையைத் தானேதான் எடுத்து வருவேன் என்று பிடிவாதம், பாதி தரையில். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பனி தள்ளும் எந்திரத்தைப் பற்றிப் பேசினோம். அது முடிந்ததும் அவன் டிரக்கின் பாட்டரி. வீட்டுக்குள் நாங்கள் பேசுவது இவ்வளவுதான். கனூவில் ஏறினால்தான் அவனுக்கு வாய் திறக்கும். அவன் பின்னால் உட்கார்ந்து திசை பிடிப்பான், நான் முன்னால். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, அப்பாவின் குடி, அவன் மணவாழ்க்கை முறிந்தது, எனக்குக் குழந்தை தங்காமல் போனது எல்லாவற்றையும் அங்கேதான் பேசித் தீர்த்திருக்கிறோம். பேச்சு சூடு பிடிக்கும்போது நான் திரும்பினால் போதும், "முன்னால பாரு, கார்லா. பாறை இருக்கும்" என்பான்.

கிளம்பும்போது கேட்டேன்.

"ஆகஸ்ட்டுக்கு வர்றியா?"

"என்னை விட்டுடு. நீ போயிட்டு வா."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"அட ஆமா. என்னால உனக்கு எதுக்குத் தொந்தரவு?"

பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டார்கள். தட்டில் கடைசித் துண்டு கேக் மிச்சம் இருந்தால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது சொல்வதுதான் உண்மையான பதில். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாவது தடவை ஏன் கேட்கவில்லை?

ஜனவரி 7

முடியாது என்று சொல்லியிருந்தால்? அதற்கப்புறம் என்ன இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லியிருந்தால்? ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் கனூவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அந்தச் சேற்றுப் பாதையில் அவன் வழுக்கி விழுவதை நான் பார்க்க வேண்டும். ரெண்டும் வேண்டாம்னுதான் பூட்ஸ மாட்டினேன். பயந்தாங்கொள்ளி.

ஜனவரி 9

தனியாகப் போக எனக்குத் தைரியம் போதாது. பஸ் கொட்டகையில் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு ரேடியோவில் தகவல் சொல்லும் பெவ்விடம் கேட்டேன். வால்நட் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்குள்ளயா? நானா? வேற ஆளப் பாரு."

மறுபடி கேட்டேன். சிரித்தாள். மத்தியானம் மறுபடி கேட்டேன்.

"சரி, வர்றேன்" என்றாள். ஆள் கிடைத்துவிட்டது. எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

ஜனவரி 13

கனவில் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நினைவுக்கு வரவில்லை.

ஜனவரி 17

தினமும் அந்த இணையதளத்துக்குள் போய்ப் போய் வருகிறேன். ஆற்றைத் தேடு, தேதியைத் தொடு, ஆட்கள் இரண்டு, அழுத்து. பொத்தான் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அழுத்தித்தான் பார்க்கிறேன்.

வெய்ன் போன் செய்தான். வானிலை. பிறகு திடீரென்று, "அது ஒம்போது மணிக்குத்தான தொறக்குது?"

"ஆமா. ஏன்?"

"சும்மாதான். உனக்கு நேரம் தப்பிடப் போகுதேன்னு."

வரமாட்டேன் என்று சொன்னவனுக்கு என் நேரத்தைப் பற்றி என்ன அக்கறை? எரிச்சலாக வந்தது. போனை வைத்த பிறகு அழுகையும் வந்தது.

ஜனவரி 22

பெவ்வின் கேள்விகள்: மடக்கு நாற்காலி கொண்டு வரலாமா. கரடி வருமா. கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு. கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் அரைமணி நேரம் அவள் என்னோடு பேசவில்லை.

அப்புறம், "உங்கண்ணன் டிரக்கு நூலகத்து வாசல்ல நிக்குது, நேத்தும் நின்னுச்சு. புத்தகம் படிக்கிற ஆளா அவன்?" என்றாள். நூலகத்தில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் நன்றாக வேலை செய்யும், அங்கே கதகதப்பாக இருக்கும் என்றேன். பாவம், வீட்டில் தனியாக எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பான்.

திசை பிடிக்க எனக்குத் தெரியுமா? பின்னால் உட்கார்ந்ததே இல்லை. பெவ்வின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள். அவள் வாய் மூடாமல் பேசுவாள், நான் என்ன பேசுவேன்?

ஜனவரி 26

புதன்கிழமை மைனஸ் முப்பத்தைந்து என்கிறார்கள். குளிர் அவ்வளவு போனால் பள்ளியை இரண்டு மணி நேரம் தள்ளித் திறப்பார்கள். வழக்கமான நாளென்றால் ஒன்பது மணிக்கு நான் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கொட்டகையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன். தள்ளித் திறந்தால் ஒன்பது மணிக்கு ஸ்டியரிங் என் கையில் இருக்கும்.

புதன் மட்டும் வேண்டாம். வியாழக்கிழமை எவ்வளவு வேண்டுமானாலும் உறையட்டும்.

ஜனவரி 27

சாயங்காலமே அறிவித்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் தள்ளி.

பெவ்வைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். லிட்டில் ஹெரன், 22. அது போனால் 23. அதுவும் போனால் 21. வேறு எதையும் தொடாதே. "கார்லா, நான் பதினெட்டு பஸ்ஸ ரேடியோவுல மேய்க்கிறவ. ஒரு பொத்தான் அமுக்கத் தெரியாதா?" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன்.

ஜனவரி 28

போச்சு.

ஒன்பது மணிக்குச் சந்திப்புச் சிக்னலில் நின்றேன். கண் ரேடியோ மேல். முன் இருக்கைப் பெண், "மிஸ் கார்லா, பச்சை விழுந்துடுச்சு" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், மூன்றாவது தடவைதான் என் காதில் விழுந்தது. பெவ் ரேடியோவில் வந்தாள். "ஏழாம் நம்பர் வண்டி... வந்ததும் என்னைப் பாரு." அவ்வளவுதான். குரலிலேயே தெரிந்துவிட்டது.

22 ஒரே நொடியில் போய்விட்டதாம். எவனோ அழுத்திவிட்டான். பெவ் பதறிவிட்டாள். 23, 21 எல்லாம் மறந்து போய், தனக்குத் தெரிந்த ஒரு ஏரியை எடுத்திருக்கிறாள் – மோட்டார் படகு போகிற ஏரி, கரையில் அவள் கொழுந்தனின் தூண்டில் கடை! "கனூவே தூக்க வேண்டாம் கார்லா, கடையில காப்பி கூட குடிக்கலாம்" என்கிறாள். நான் தேடும்போது லிட்டில் ஹெரனில் அந்த வாரம் முழுக்கத் தீர்ந்துபோயிருந்தது.

அவளைத் திட்டவில்லை. நன்றி சொன்னேன். கழிப்பறைக்குள் போய்த் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தினேன். யாரவன்? எந்த ஊர்க்காரன்? அந்த ஆற்றைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 28, சாயங்காலம்

மறுபடி எழுதுகிறேன்.

வெய்ன் வந்தான். இந்தக் குளிரில், கைத்தடியோடு, தானே டிரக்கை ஓட்டிக்கொண்டு. வாசலில் பனியைத் தட்டினான், உட்கார்ந்தான், காப்பி குடித்தான், டிரக் முக்கி முனகித்தான் கிளம்பியது என்றான். பிறகு, மீன் பிடித்ததைச் சொல்கிற மாதிரி கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"22ஆம் தேதி லிட்டில் ஹெரன் எனக்குக் கெடைச்சுது."

நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"நூலகத்துல அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. நம்ம வீட்டு நெட்டு உனக்குத் தெரியும்ல, நத்தை."

"அது நீயா? நான் அதுக்காக மாசம் பூரா... அதே நாளையா எடுப்ப?"

"உனக்கு லீவு அப்பத்தானே?"

"வரமாட்டேன்னு சொன்னியே!"

"ரெண்டு தடவைதான் சொன்னேன்." தலையை நிமிர்த்தவே இல்லை. "மூணாவது தடவையும் நீ கேப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கல. சரி, பெர்மிட் என்கிட்ட இருந்தா நான் கேக்கலாம்ல."

"அப்ப கேளு."

"வர்றியா?"

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "நீ வேற யாரையாவது கூட்டிட்டுப் போ." பழக்கம்! சனியன் பிடித்த பழக்கம்.

"நெஜமாவா?"

"என்னால உனக்கு எதுக்குத் தொந்தரவு?"

அவன் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். கையையும் நீட்டினான். நான் அவனுக்குச் செய்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"கார்லா. வர்றியா?"

"வர்றேன்."

அவன் கோப்பையை மறுபடி நிரப்பினேன். பிறகு அவன்தான், "கனூவ நீ தூக்கணும். நான் துடுப்பத் தூக்குறேன்" என்றான். "அப்புறம்... பின்னால உக்காந்தா இடுப்ப முறுக்கணும். இனிமே அது ஆகாதுன்னுட்டாங்க. முன்னால உக்காந்துக்கிறேன்."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். பெர்மிட் கிடைத்ததைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்.

"சரி" என்றேன். ஒரே தடவையில்.

ஜனவரி 30

அந்த மோட்டார் ஏரியை ரத்து செய்தேன். யாராவது சந்தோஷமாகப் போகட்டும். பெவ்விடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து, திக்கித் திணறிச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா! தரையில படுக்கணும்னு நெனச்சாலே எனக்கு முதுகு வலிச்சுது."

"பின்ன ஏன் வர்றேன்னு சொன்ன?"

"மூணு தடவை கேட்டா மனுஷி என்னதான் சொல்லுவா?"

கேட்க வேண்டியவனை இரண்டோடு விட்டுவிட்டு, வேண்டாதவளை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முழு வால்நட் ரொட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மே 9

பனிக்கட்டி முழுக்கப் போய்விட்டது. ஊர் ஏரியில் முதல் வெள்ளோட்டம். பெவ் மடக்கு நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு பேரும் கவுந்தா நான் எறங்க மாட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வெய்னை ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. என்னைப் பிடித்துக்கொள்ள விடவில்லை, பிறகு பிடித்துக்கொண்டான். நான் பின்னால். முதலில் நேராகவே போகவில்லை, நாணலுக்குள் ஒரு தடவை புகுந்து வெளியே வந்தோம். அவன் சிரித்தான். அவன் கழுத்துப் பக்கம் முடி இவ்வளவு நரைத்திருப்பது எனக்குத் தெரியாது.

நடு ஏரிக்கு வந்ததும் பேச ஆரம்பித்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயந்துபோய் எனக்குப் போன் செய்தானாம். நான் எடுத்ததும் டிரக் டயரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டானாம். எனக்கு அந்த டயர் நன்றாக நினைவிருக்கிறது. சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்ப முயன்றான்.

"முன்னால பாரு, வெய்ன்" என்றேன். "பாறை இருக்கும்."

அவன் முன்னால் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னான்.