துரியோதனனின் பல் விழவில்லை

இன்று காலை நம்ம பல் டாக்டரம்மா என் கன்னத்துக்குள் இரண்டு பஞ்சுச் சுருளைத் திணித்து, குழாயால் எச்சிலை உறிஞ்சி எடுத்தார். நாக்கு காய்ந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தேன், பஞ்சு வெளியே விழுந்தது. "என்ன ஐயா?" என்றார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு உன் கதையைச் சொல்ல முடியுமா? அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உன் முன்பல் உடைந்தது ஊருக்கே தெரியும். தறியில் உட்கார்ந்து ஜரிகையைக் கத்தரியால் நறுக்காமல் பல்லால் கடித்தே இழுத்த பலன். டாக்டரம்மா அதன்மேல் உறை மாதிரி ஒரு கேப் ஒட்டினார். பத்து நாள் நின்றது. திரௌபதி அம்மன் கோயில் கூத்து ஒத்திகையில் நீ துரியோதனனாகத் தொடையைத் தட்டி "அடேய் பீமா!" என்று கர்ஜித்தாய், கேப் பறந்துபோய் மத்தளக்காரர் மடியில் விழுந்தது. முப்பதடி தூரம். குறைத்துச் சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்.

கூத்து வாத்தியார் சிரிக்கவில்லை. "கடைசி நாள் படுகளத்துல, துரியோதனன் சாவுற இடத்துல, இப்படி ஆச்சுன்னா சனம் சிரிச்சிடும்பா. பல்லு நிக்கலன்னா வேஷத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார். இருபது வருஷமாக நீ கட்டிய வேஷம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நீ அந்தக் கேப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாய். உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி ஒட்டினார்கள். இரண்டாம் நாளே இட்லியோடு வந்துவிட்டது. மூன்றாம் முறைதான் நான் கூட வந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டாலும் கண் கைவிடவில்லை. தறியில் நெடுக ஓடும் பழைய பாவு இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துப் பழகிய கண்ணாச்சே! டாக்டரம்மா பல்லில் நீலக் களிம்பு தடவினார், கழுவினார், காற்று அடித்தார். பல்லின் ஓரமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. பசை எடுக்க அவர் அந்தப் பக்கம் திரும்பினார். உன் நாக்கு மெல்ல எழுந்து, பல்லை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"நிறுத்துங்கம்மா!" நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். "இவன் நக்கிட்டான்!"

நீ என்னை முறைத்தாய். "இன்னாபா, கொஞ்சம் ஈரம் இருந்தாதானே புடிக்கும்? அறுந்த இழைய எச்சி தொட்டுத்தானே திரிக்கிறேன்? மூணு வாட்டியும் அப்படித்தான் பண்ணேன்."

உதவி பண்ணினாயாம்! டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். களிம்பு பட்டதும் பல்லில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், பசை அதற்குள் இறங்கினால்தான் பிடிப்பு என்றார். எச்சில் பட்டால் அதிலுள்ள புரதம் ஏடு மாதிரி படிந்து குழியை அடைத்துவிடுமாம். தண்ணீரில் கழுவினால் மட்டும் போதாது, முதலிலிருந்து செய்யவேண்டுமாம். நீ திருதிருவென்று விழித்தாய். நான்தான் உனக்கு விளங்கும்படி சொன்னேன்: "பாவு பிணைக்கும்போது நான் எச்சிலா தொடுறேன்? சாம்பல் தொடுறேன். விரல் ஈரமா இருந்தா இழை வழுக்கும். இதுவும் அதேதான்பா." டாக்டரம்மா எழுந்து நின்று கைதட்டினார். உட்கார்ந்தே தட்டினார் என்று நீ கடைசிவரை சாதித்தாய். நின்றுதான்.

மறுபடி களிம்பு, கழுவல், காற்று. கேப்பின் உள்பக்கத்தையும் சுத்தம் செய்தார். உன் நாக்கைக் காவல் காக்கும் வேலை எனக்கு. கையுறை மாட்டி, துணியால் அதைப் பிடித்தேன். பாவி, என்னமாய் நெளிந்தது! விடுவேனா? பசையை இறுக்கும் நீல விளக்கு அணைகிறவரை பிடித்திருந்தேன்.

படுகளத்தன்று காலை. மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, நீ கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி ஓடினாய். வாத்தியார் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கர்ஜித்தாய். அது சின்ன காஞ்சிபுரம் தேரடி வரைக்கும் கேட்டது. கேட்டவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். பல் நின்றது. பீமன் அடித்து விழுந்தாய், முகம் மண்ணில் மோதியது, அப்போதும் நின்றது. செத்துக் கிடந்த நீ ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாய். வாத்தியார் பல்லைக் கடித்தார்: "செத்தவன் இன்னாடா இளிக்கிற?"

அதற்கப்புறம் ஒன்பது கூத்து ஆடினாய். போன வருஷம் உனக்கு வாய்க்கரிசி போடக் குனிந்தபோது உன் மகள் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். என் கண்ணில் பட்டது அந்தப் பல்தான். அசையாமல் பளிச்சென்று இருந்தது. "நிக்குதுபா!" என்று கத்திவிட்டேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பிசகவில்லை. நானும் அழுதேன்தான். ஆனால் சுடுகாடு வரைக்கும் ஜெயித்தவன் மாதிரிதான் உன் பின்னால் நடந்து வந்தேன். இன்றைக்கும் தெருவில் எனக்கு அந்த நடைதான்.